தீப்பந்தத்தை அணைக்கிற மனுஷன்: 'சர்வைவர்' ஜெஃப் ப்ராப்ஸ்ட்

பிக் பாஸ் சீசன் ஓடுற மாசங்கள்ல எங்க வாட்ஸ்அப் குரூப் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூங்கவே தூங்காது. பாதிச் சண்டை போட்டியாளர்களைப் பத்தியே இருக்காது, ஹோஸ்ட் பத்திதான் இருக்கும். அவரை ஏன் கேட்கல, இவரை மட்டும் ஏன் வறுத்தெடுத்தார், அந்த விஷயத்தை ஏன் அப்படியே தாண்டிப் போயிட்டார். 2023-ல தமிழ் பிக் பாஸ் ஏழாவது சீசன்ல அந்த ரெட் கார்டு வந்தப்போ ஊரே ரெண்டாப் பிரிஞ்சது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் நானே ரெண்டு நண்பர்களோட பேச்சுவார்த்தையை நிறுத்தி வெச்சிருந்தேன். இப்ப பேசறோம், கவலைப்படாதீங்க.

அப்போதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. ரியாலிட்டி ஷோ ஹோஸ்ட்னு ஒருத்தர் நிக்கிறாரே, அவர் யார் பக்கம்? சேனல் பக்கமா, பார்க்கிற நம்ம பக்கமா, உள்ள மாட்டிக்கிட்டு இருக்கிறவங்க பக்கமா? இதை யோசிக்கிறதுக்கு உலகத்துலயே சரியான ஆள் ஒருத்தர் இருக்கார். 2000-ல ஆரம்பிச்ச ஒரே ஷோவை இன்னைக்கு வரைக்கும் நடத்திட்டு வர்றவர். அமெரிக்க 'சர்வைவர்' நிகழ்ச்சியோட ஜெஃப் ப்ராப்ஸ்ட். இந்த எபிசோடு அவரைப் பத்தி.

ஷோவைப் பார்க்காதவங்களுக்கு விதிகளைச் சுருக்கமா சொல்லிடறேன். பதினாறிலிருந்து இருபது பேரை ஒரு தீவுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. சாப்பாடு கொஞ்சம், கூரை அவங்களே போட்டுக்கணும். ரெண்டு மூணு குழுவாப் பிரிச்சு போட்டி வைப்பாங்க. தோற்கிற குழு அன்னைக்கு ராத்திரி 'ட்ரைபல் கவுன்சில்'ங்கிற இடத்துக்கு வந்து, தங்களுக்குள்ள ஒருத்தரை ஓட்டுப் போட்டு வெளியேத்தணும். கடைசியில மிஞ்சுறவங்கள்ல யாருக்குப் பரிசுன்னு முடிவு பண்றது, அவங்க வெளியேத்தின ஆட்களேதான். யோசிச்சுப் பாருங்க, உங்களைத் தூக்கி வெளியே போட்டவருக்கு நீங்க பத்து லட்சம் டாலர் கொடுக்கணும். நம்ம ஊர்லயும் 2021-ல ஜீ தமிழ்ல அர்ஜுன் நடத்தினாரே, சான்சிபார்ல எடுத்தது, அதே ஃபார்மட்தான். மூலம் அமெரிக்கா கூட இல்லை. 1997-ல ஸ்வீடன்ல வந்த 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்'தான் முதல்ல.

இப்ப ஆளுக்கு வருவோம். ப்ராப்ஸ்ட் பிறந்தது 1961 நவம்பர்ல, கன்சாஸ் மாநிலத்துல விச்சிட்டா. வளர்ந்தது சியாட்டில் பக்கம். முதல் வேலை சினிமாவுலயும் இல்லை, டிவியிலயும் இல்லை. போயிங் விமானக் கம்பெனி. பயந்துடாதீங்க, விமானம் ஓட்டல. அந்தக் கம்பெனிக்குள்ளயே வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒண்ணு இருந்தது. அங்க விளம்பர வீடியோக்களைத் தயாரிக்கிறது, அதுக்குக் குரல் கொடுக்கிறது, இதுதான் வேலை. ஒரு விஷயத்தைத் தெளிவா, நிதானமா, நம்புற மாதிரி சொல்ற அந்தக் குரல் அங்க பழகினதுன்னுதான் நான் நினைக்கிறேன். அப்புறம் கேபிள் டிவிக்கு வந்தார். எஃப்எக்ஸ் சேனல்ல நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்ற நிகழ்ச்சி, விஹெச்-1-ல ராக் இசை வினாடி வினா. பெரிய பேர் இல்லை. முப்பத்தெட்டு வயசு. நம்ம கணக்குல 'இன்னும் செட்டில் ஆகல' கேஸ்.

ஒரு நாள் கார்ல போயிட்டிருக்கும்போது ரேடியோவுல மார்க் பர்னெட்ங்கிற தயாரிப்பாளர் பேசறதைக் கேட்கிறார். தீவு, பதினாறு பேர், ஓட்டு. இது எனக்கான ஷோன்னு தோணியிருக்கு, விடாமத் துரத்திப் போய் வேலையை வாங்கிட்டார். மலேசியாவுல சபா கடற்கரைக்குப் பக்கத்துல இருக்கிற புலாவ் திகா தீவுல எடுத்தாங்க. 2000 மே 31 முதல் ஒளிபரப்பு. அந்த ஆகஸ்ட்ல வந்த இறுதி எபிசோடை அமெரிக்காவுல அஞ்சு கோடிக்கு மேல ஜனங்க பார்த்தாங்க. ரிச்சர்ட் ஹேட்ச்ங்கிறவர் 4-க்கு 3 ஓட்டுல ஜெயிச்சார். ரியாலிட்டி டிவிங்கிற வெள்ளம் அமெரிக்காவுல உடைஞ்சது அந்தக் கோடைக்காலத்துலதான்.

சரி, இந்த ஆள் அங்க என்னதான் பண்றார்? தொப்பி போட்டுக்கிட்டு, 'சர்வைவர்ஸ் ரெடி, கோ'ன்னு கத்தறார். போட்டி நடக்கும்போது கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி விடாம பேசறார். யாராவது புதிர்ல திணறினா அதையும் ஊருக்கே சொல்லி இன்னும் திணற வைக்கிறார். இதெல்லாம் மேலோட்டம். அவரோட நிஜமான வேலை ராத்திரிதான்.

ட்ரைபல் கவுன்சில் டிவியில பத்து நிமிஷம் வரும். ஷூட்டிங்ல அது ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்கூடப் போகும். நெருப்பைச் சுத்தி எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. ப்ராப்ஸ்ட் கேள்வி கேட்பார், அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் எதிராளி எல்லார் முன்னாடியும் பதில் சொல்லியாகணும். 'இன்னைக்கு நீங்க பயப்படறீங்களா?'ன்னு கேட்டா, இல்லைன்னா திமிர். ஆமாம்னா உன்னைத்தான் குறி வெச்சிருக்காங்கன்னு உனக்கே தெரியும்னு அர்த்தம். 'யாரை நம்பறீங்க?'ன்னா ஒரு பேர் சொல்லணும், சொல்லாம விட்ட பேர் எல்லாம் முறைக்கும். நான் காலேஜ்ல கல்ச்சுரல்ஸ் மேடைகள்ல ஆங்கரிங் பண்ணினவன். மைக் கையில இருந்தா நிறைய பேசணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்த ஆளைப் பார்த்தப்புறம்தான், குட்டியா ஒரு கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கிறது எவ்வளவு பெரிய அதிகாரம்னு புரிஞ்சது.

ஓட்டு எண்ணிக்கையும் அப்படித்தான். ஓட்டுப் பெட்டியை எடுத்துட்டு வரப் போறார் இல்லையா, வர்றதுக்குள்ள சீட்டுகளை ஒரு வரிசையில அடுக்கிடுவாங்க. கடைசிச் சீட்டு வரைக்கும் நமக்கு நெஞ்சு அடிச்சுக்கணுமே. அப்புறம் வெளியேறுறவர் தன் தீப்பந்தத்தைக் கொண்டு வருவார், இவர் அதை அணைச்சுட்டு 'தி ட்ரைப் ஹேஸ் ஸ்போக்கன்'னு சொல்லுவார். குழு தன் முடிவைச் சொல்லிடுச்சு. கவனிங்க, 'நான்'னு சொல்ல மாட்டார். தீர்ப்பு என்னோடது இல்லை, நான் அதை நிறைவேத்தறவன் மட்டும்தான்னு ஒவ்வொரு வாரமும் அறிவிக்கிற வாசகம் அது. இந்த எபிசோடு முழுக்க அதை ஞாபகத்துல வெச்சுக்கங்க.

நடுவுல இருக்கிற வருஷங்களை வேகமா ஓட்டிடறேன். ரியாலிட்டி ஹோஸ்டுக்குன்னு எம்மி விருதுல தனிப் பிரிவு 2008-லதான் வந்தது. முதல் நாலு வருஷமும் அதை இவரே வாங்கினார். 2009 வாக்குல அலுத்துப்போய் வேலையை விட்டுடறேன்னு சேனல் தலைமைக்கே சொல்லியிருக்கார். கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துட்டு யோசின்னு அனுப்பினாங்க, திரும்பி வந்துட்டார். 2012-ல தன் பேர்லயே பகல் நேர டாக் ஷோ ஒண்ணு ஆரம்பிச்சார். ஒரே சீசன், மூடிட்டாங்க. தீவுல அப்படிக் கேள்வி கேட்ட மனுஷன் சோபாவுல ஏன் தோத்தார்? அங்க பதில் சொல்லாட்டி யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. என் கணிப்பு இதுதான்.

முக்கியமான மாற்றம் வேற. 2010 வாக்குலயிருந்து அவர் வெறும் ஹோஸ்ட் இல்லை, நிர்வாகத் தயாரிப்பாளரும் கூட. அப்புறம் ஷோவையே வழிநடத்துறவர். யாரை எடுக்கணும், என்ன திருப்பம் வைக்கணும், எது ஒளிபரப்பாகணும், எல்லாத்துலயும் இவர் கை இருக்கு. நம்ம பிக் பாஸ்ல ஹோஸ்ட் வார இறுதியில வர்றார், பஞ்சாயத்து பண்றார், போயிடறார். இவர் அங்கயே இருக்கார், அந்தக் கடையே இவரோடது. ஆனா ராத்திரி நெருப்புக்கு முன்னாடி நின்னு இன்னமும் 'தீர்ப்பு என்னோடது இல்லை'ன்னே சொல்லிட்டிருக்கார். இந்த ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள எவ்வளவு நாள் ஒத்துப்போகும்?

மூணு சம்பவம் சொல்றேன்.

முதல்ல 2016-ல வந்த காவ் ராங் சீசன். கம்போடியா வெயில்ல ஒரு போட்டி. மணல்ல தோண்டித் தோண்டி முடிச்ச உடனே ஒவ்வொருத்தரா விழுறாங்க. கேலப் ரெனால்ட்ஸ்ங்கிற வாட்டசாட்டமான ராணுவ வீரருக்கு நினைவே தப்பிடுச்சு. டாக்டரைக் கூப்பிடறது, தண்ணி கொண்டு வரச் சொல்றது, ப்ராப்ஸ்ட் கத்தற சத்தம்தான் கேட்குது. கேமராவுக்குப் பின்னாடி இருந்த ஆட்கள் எல்லாம் ஃப்ரேமுக்குள்ள ஓடி வந்து குடை பிடிக்கிறாங்க. கேலபை ஹெலிகாப்டர்ல ஏத்தி அனுப்பினாங்க. அத்தனை வருஷமா நம்மகிட்ட காட்டாம மறைச்சு வெச்ச அந்தக் கூட்டம் முழுசும் திரையில வந்து நின்னுச்சு. அதுவரைக்கும் அந்தத் தீவுல அவங்க மட்டும்தான் இருக்காங்கன்னு என் மனசு நம்பிட்டிருந்தது. உடம்புக்கு ஆபத்துன்னா ஆட்டம் நிக்கும். அது தெளிவா இருந்தது.

ரெண்டாவது, 2017 ஏப்ரல்ல ஒளிபரப்பான ட்ரைபல் கவுன்சில். ஸீக் ஸ்மித்னு ஒரு போட்டியாளர். அவர் ஒரு திருநம்பி. முந்தின சீசன்லயும் ஆடினவர், ரெண்டு சீசன்லயும் அதை யார்கிட்டயும் சொல்லல, சொல்லணும்னு அவசியமும் இல்லை. அன்னைக்கு வெளியேறப் போறவர் ஜெஃப் வார்னர். தப்பிக்கிறதுக்கு வேற வழி தெரியாம, ஸீக் நம்மை ஏமாத்தறார்னு நிரூபிக்கிறேன் பேர்வழின்னு, எல்லார் முன்னாடியும் கேமரா முன்னாடியும் அந்த ரகசியத்தைப் போட்டு உடைச்சார். குழுவுல இருந்தவங்க ஒருத்தர்கூட விடல, அழுதுக்கிட்டே அவர் மேல பாய்ஞ்சாங்க. ஸீக் கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

ப்ராப்ஸ்ட் அன்னைக்கு என்ன பண்ணினார்னா, முதல்ல எல்லாரையும் பேச விட்டார். ஸீக் பேசத் தயாராகிற வரைக்கும் காத்திருந்தார். வார்னரையும் பேச விட்டார், ஆனா நியாயப்படுத்த விடல. கடைசியில ஓட்டுப் பெட்டியே வரல. யாரை அனுப்பப் போறீங்கன்னு எல்லார்கிட்டயும் வாயாலேயே கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு, வார்னரோட பந்தத்தை அங்கேயே அணைச்சுட்டார். கிளம்பறதுக்கு முன்னாடி ஸீக் அவரைக் கட்டிப்பிடிச்சார், அதைப் பார்த்து நான் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன்.

இப்படி ஓட்டுப் பெட்டி இல்லாம முடிச்சது இதுதான் முதல் தடவைன்னு இல்லை. 2013-ல ஒரு போட்டியாளர் தன்னிலை மறந்து கத்தினப்போ, அவரைத் தன் பக்கத்துல நிக்க வெச்சு, தோளை அமுக்கிவிட்டுக்கிட்டே மத்தவங்ககிட்ட ஓட்டு வாங்கியிருக்கார். ஆனா ஸீக் விஷயத்துல 'தீர்ப்பு என்னோடது இல்லை'ங்கிற வேஷம் அஞ்சு நிமிஷத்துக்குக் கழண்டுச்சு. இது தப்புன்னு ஹோஸ்ட் முகத்துல எழுதியே இருந்தது. அதை ஒளிபரப்பினது சரியாங்கிற கேள்வி தனி. ஒளிபரப்புக்கு முன்னாடி ஸீக்கோடயும் கிளாட் அமைப்போடயும் மாசக்கணக்கா வேலை செஞ்சாங்க, ஸீக் அன்னைக்கு ராத்திரியே தன் பக்கத்தைத் தானே கட்டுரையா எழுதினார். இருந்தாலும் ஒருத்தர் காயத்தைக் கோடிப்பேர் பார்த்தாங்கங்கிறது மாறாது.

மூணாவதுதான் என்னை ரொம்பத் தொந்தரவு பண்றது. 2019, முப்பத்தொன்பதாவது சீசன். கெல்லி கிம்ங்கிற பெண், சக போட்டியாளர் ஒருத்தர் தன்னைத் தொட்டுத் தொட்டுப் பேசறது பிடிக்கலன்னு ஆரம்ப நாட்கள்லயே அவர்கிட்ட நேரடியாச் சொல்றாங்க. அது நிக்கல. பல நாள் கழிச்சு, தனியா கேமராகிட்ட பேசும்போது, மத்த பெண்களுக்கும் இதே அனுபவம்னு சொல்லி அழறாங்க. அப்போ கேமராவுக்குப் பின்னாடி இருந்து ஒரு தயாரிப்பாளர் குரல் வருது. பிரச்சனைன்னா என்கிட்ட வாங்க, நான் நிறுத்தறேன்னு. மறுபடியும் அந்தச் சுவர் உடையுது, ஆனா இந்தத் தடவை ஹெலிகாப்டர் வரல. எல்லார்கிட்டயும் பேசினாங்க, அந்த ஆளுக்கு எச்சரிக்கை கொடுத்தாங்க, ஆட்டம் தொடர்ந்தது. அதே எபிசோடுல ஓட்டுல வெளியேறினது யார் தெரியுமா? கெல்லி. இந்தப் புகாரையே ஆட்டத்துக்கான ஆயுதமாப் பயன்படுத்தினவங்களும் உண்டு, பின்னாடி அவங்க மன்னிப்புக் கேட்டாங்க. அந்த ஆள் பல வாரம் நீடிச்சார். கடைசிக்குக் கிட்ட, கேமராவுல வராத வேற ஒரு சம்பவம், அதுவும் போட்டியாளர்கள் சம்பந்தப்படாதது, அதுக்கப்புறம்தான் அவரை நீக்கினாங்க.

இங்க ப்ராப்ஸ்ட் எங்க இருந்தார்? ராத்திரி ட்ரைபல் கவுன்சில்ல இந்த விஷயம் வந்தப்போ, வழக்கம்போலக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்தார். மனசுல என்ன தோணுது, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு. மத்த நாள்ல அதே கேள்வி முறை அழகு. அன்னைக்கு அது ஒளிஞ்சுக்கிற இடமா ஆயிடுச்சு. 'குழு முடிவு பண்ணட்டும்'னு ஒரு தயாரிப்பாளர் சொல்ல முடியாது, ஏன்னா அது குழு முடிவு பண்ற விஷயமே இல்லை. யார் ஜெயிக்கணும்னு குழு முடிவு பண்ணலாம். ஒரு பெண் பாதுகாப்பா இருக்கணுமாங்கிறதை ஓட்டுக்கு விட முடியாது. வெயில்ல விழுந்தவருக்கு ஆட்டம் நின்னுச்சே, இதுக்கு ஏன் நிக்கல? அங்க மருத்துவருக்கு ஒரு நடைமுறை இருந்தது, இங்க அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. அதைப் போட்டு வெச்சிருக்க வேண்டியவர் அன்னைக்கு நெருப்புக்கு எதிர்ல நடுவர் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார்.

வழக்கமா நேரலையா நடக்கிற இறுதி நிகழ்ச்சியை அந்த டிசம்பர்ல முன்கூட்டியே பதிவு செஞ்சாங்க. கெல்லியை எதிர்ல உட்கார வெச்சு, நீங்க பேசினது சரி, நாங்கதான் தவறிட்டோம்னு ப்ராப்ஸ்ட் மன்னிப்புக் கேட்டார். சேனல் புது விதிகளை அறிவிச்சது. ரகசியமாப் புகார் சொல்ல படப்பிடிப்பு இடத்துலயே ஒரு நிபுணர், எல்லாருக்கும் பயிற்சி, விருப்பமில்லாத தொடுதல் நீக்கத்துக்குரிய குற்றம்னு. இருபது வருஷத்துக்கு அப்புறம். மன்னிப்பை நான் பொய்னு சொல்ல மாட்டேன், அந்த முகத்துல சங்கடம் நிஜமாவே இருந்தது. ஆனா கெல்லி ஆட வந்த பத்து லட்சம் டாலர் ஆட்டம் திரும்பி வராது இல்லையா? மத்தவங்க அந்த ஆளை என்ன செய்யலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தப்போ கெல்லி வீட்டுக்குப் போயாச்சு.

அதுக்கப்புறம் கோவிட், ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி. 2021-ல நாற்பத்தொன்றாவது சீசன், ஃபிஜியில. 39 நாள் ஆட்டம் 26 நாளாச்சு. போட்டியாளர்கள்ல பாதிப்பேர் வெள்ளையர் அல்லாதவங்களா இருக்கணும்னு சேனலே இலக்கு வெச்சது. 2006-ல இதே ஷோ குழுக்களை இனவாரியாப் பிரிச்சு ஆட வெச்சதும், அதை ப்ராப்ஸ்ட் ஆதரிச்சுப் பேசினதும் உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

அந்தச் சீசன் முதல் நாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. போட்டிக்கு எல்லாரையும் அழைக்க இருபது வருஷமா அவர் 'கம் ஆன் இன், கைஸ்'னு சொல்லுவார். 'கைஸ்'னா ஆம்பளைங்கன்னும் அர்த்தம் வருதே, மாத்தணுமான்னு அவங்ககிட்டயே கேட்டார். முதல்ல யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதே எபிசோடுல, பின்னாடி ஒரு போட்டிக்கு வந்தப்போ ரிக்கார்ட் ஃபோயேங்கிறவர், யோசிச்சுப் பார்த்தேன், எடுத்துடறதுதான் சரின்னார். ப்ராப்ஸ்ட் சரின்னு அங்கேயே விட்டுட்டார். இப்போ 'கம் ஆன் இன்' மட்டும்தான். அமெரிக்காவுல சில பேர் இதுக்குக் கொந்தளிச்சாங்க. எனக்கு அந்த வார்த்தை பெரிசாப் படல. ஒருத்தர் தாமதமா வந்து, என் மனசு மாறிடுச்சுன்னு சொன்னப்போ ஹோஸ்ட் ஆட்டத்தை நிறுத்திக் கேட்டார், அதைத்தான் ரெண்டு தடவை பார்த்தேன்.

இப்போ ஷோ அம்பதாவது சீசனைத் தொட்டாச்சு. 2023-லயிருந்து ப்ராப்ஸ்ட் தன் ஷோவைப் பத்தித் தானே பாட்காஸ்ட்டும் நடத்தறார். நமக்குப் போட்டி. ஒரு திருப்பத்தை ஏன் வெச்சோம், எது சொதப்பிச்சுன்னு பேசறார். இறுதி ஓட்டையும் ரொம்ப வருஷமா ஸ்டூடியோவுல மாசக்கணக்குல கழிச்சுப் படிச்சுட்டிருந்தாங்க. 2021-ல அதை மாத்தி, தீவுலயே அன்னைக்கே படிச்சுட்டு, உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டாங்க.

பார்க்கணும்னு ஆசை வந்தவங்க முதல் சீசன்ல ஆரம்பிக்காதீங்க, அது வரலாறு, மெதுவாத்தான் போகும். இருபத்தெட்டு, ககயான், டோனி வ்லாகோஸ்னு ஒரு போலீஸ்காரர் புதருக்குள்ள ஒளிஞ்சு ஒட்டுக் கேட்டு ஜெயிக்கிற சீசன், அங்கேயிருந்து தொடங்குங்க. பிடிச்சுதுன்னா முப்பத்தேழு. முப்பத்தொன்பதைப் பார்க்கிறதா இருந்தா ராத்திரி தனியா உட்கார்ந்து பார்க்காதீங்க, கூட ஒருத்தரை வெச்சுக்கங்க, பாதியில நிறுத்திப் பேச வேண்டி வரும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.